இருபத்தெட்டுச் சுவர்கள்

ஜனவரி 8

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதுவது. இங்கே நான் சௌக்கியம். உன் உடம்பும் வீட்டுக்காரி உடம்பும் எப்படி? நீ இன்னும் வேலைத்தளத்துத் தகரக் கொட்டகையில்தான் படுக்கிறாயா?

ஒன்பது வயதில் நீ என்னிடம் ஒரு கேள்வி கேட்டாய். நம் வீட்டுச் சுவருக்கும் பக்கத்து வீட்டுச் சுவருக்கும் நடுவே ஒரு சாண் அகலச் சந்து. உன் பந்து அதற்குள் விழுந்துவிட்டது. தோள் நுழையவில்லை, கம்பும் எட்டவில்லை. "அக்கா, இந்தச் சந்து நம்மளோடதா, அவங்களோடதா?" என்றாய். "ரெண்டு பேருக்கும் இல்ல" என்றேன். "அப்ப எதுக்கு ரெண்டு சுவர் கட்டினாங்க?" அப்போது நான் ஆசிரியர் பயிற்சியில் இருந்தேன். பதில் தெரியவில்லை. முப்பத்தாறு வருஷம் கணக்கு சொல்லிக் கொடுத்த பிறகு, உன் போன கடிதத்தைப் படித்தபோதுதான் அது நினைவுக்கு வந்தது.

நீ போட்ட வீட்டு வரைபடம் கடன் அலுவலகத்திலிருந்து நான்காவது தடவை திரும்பி வந்துவிட்டது என்கிறாய். செலவை ஐந்தில் ஒரு பங்கு குறைக்காவிட்டால் கடன் கிடையாது, இருபத்து நான்கு சாய ஆலைக் குடும்பங்களும் இன்னொரு மழைக்காலத்தை வாய்க்கால் ஓரத்திலேயே கழிக்க வேண்டும் என்கிறாய். நான் கட்டடம் படித்தவள் இல்லை. ஆனால் ஆறு தீப்பெட்டிகளை எடுத்துக்கொள். தள்ளித் தள்ளி வை. பக்கச் சுவர்கள் எத்தனை? பன்னிரண்டு. இப்போது ஒட்டி வைத்து, ஒட்டிய இரண்டை ஒன்றாக எண்ணு. ஏழு. ஐந்து சுவர் மிச்சம். உன் பந்தும் கீழே விழாது.

பக்கத்து அறைத் தையல்காரி காலை ஆறு மணிக்கே மெஷினைப் போட்டுவிடுகிறாள். என் காது மந்தம், சத்தம் கேட்பதில்லை. கட்டில் நடுங்குகிறது. பூகம்பம் என்று இரண்டு நாள் எழுந்து உட்கார்ந்தேன்.

போனில் பேச முயலாதே. "ஆங், ஆங்" என்று நான் சொல்வதற்கா காசு? எழுது.

அக்கா


ஜனவரி 24

அன்பு அக்காவுக்கு,

நலம். முதுகு மட்டும் பழைய பாட்டையே பாடுகிறது. உன் முழங்கால் எப்படி?

தீப்பெட்டிக் கணக்கை மேஸ்திரியிடம் காட்டினேன். எண்ணிப் பார்த்துவிட்டு, "உங்க அக்காவ இங்க வரச் சொல்லுங்க சார், உங்கள அங்க அனுப்பிடலாம்" என்றார்.

செலவைக் குறைக்க வரைபடத்தில் இதுவரை என்ன செய்தோம் என்று சொல்கிறேன். அஸ்திவாரம் தோண்டும் மண்ணையே சலித்து, கொஞ்சம் சிமென்ட் கலந்து, இரும்பு அச்சில் அழுத்திக் கல் செய்கிறோம். சூளை இல்லை, புகை இல்லை, கல் ஏற்றிவர லாரி இல்லை. நிழலில் ஈரச் சாக்குப் போட்டு மூன்று வாரம் பொறுத்தால் போதும். கூரைக் கான்கிரீட்டின் அடிப்பாகத்தில் பழைய ஓடுகளைப் பதிக்கிறோம், ஏனென்றால் அந்த இடத்தில் கான்கிரீட் பாரம் தாங்குவதில்லை, சம்பளம் வாங்கிக்கொண்டு சும்மா உட்கார்ந்திருக்கிறது. (எங்கள் அலுவலகத்தில் சிலரை உனக்கு நினைவிருக்கும்.) இவ்வளவு செய்தும் பாதி தூரம்தான் வந்திருந்தோம்.

இப்போது வரிசைக்கு ஆறு வீடாக நான்கு வரிசை. நாற்பத்தெட்டுப் பக்கச் சுவர்கள் இருபத்தெட்டாகிவிட்டன. அதோடு, கல்லைப் படுக்க வைக்காமல் நிறுத்தி வைத்து, நடுவில் வெற்றிடம் விட்டுக் கட்டினால் இன்னும் நான்கில் ஒரு பங்கு கல் மிச்சம். கடன் அலுவலகத்து அதிகாரி ஐந்தாவது வரைபடத்தைப் பார்த்துத் தலையாட்டினார். மே மாதக் கடைசிக்குள் இருபத்து நான்கு குடும்பங்களும் கையெழுத்துப் போட்டால் பணம் வரும். போட்டால், மழைக்கு முன்னால் கூரை.

எனக்குச் சந்தோஷப்படக்கூடச் சக்தி இல்லை அக்கா. தூக்கம் வருகிறது. மீதி பிறகு.

தம்பி


பிப்ரவரி 10

அன்புத் தம்பிக்கு,

நலம், நலமறிய ஆவல். முதுகுக்குச் சூடான தண்ணீர்ப் பை வை. சொன்னால் கேட்க மாட்டாய், இருந்தாலும் சொல்கிறேன்.

சுவருக்குள் வெற்றிடம் என்றாயே, வெயில் உள்ளே வராதா என்று முதலில் பயந்தேன். பிறகு மேஜை மேல் இருந்த தேநீர்ப் பிளாஸ்க் கண்ணில் பட்டது. அதற்கும் இரண்டு சுவர், நடுவில் ஒன்றுமில்லை. சூட்டை அது உள்ளேயே வைத்துக்கொள்கிறது, உன் சுவர் வெளியிலேயே நிறுத்திவிடும். ஒன்றுமில்லாததற்கும் ஒரு வேலை இருக்கிறது. சரிதானே?

தையல்காரியின் தொல்லை தாங்காமல் ஒருநாள் கரண்டியால் சுவரில் இரண்டு தட்டு தட்டினேன். மெஷின் நின்றது. சுவரில் கையை வைத்துப் பார்த்தால், அந்தப் பக்கத்திலிருந்து இரண்டு தட்டு! உள்ளங்கையில் தெரிந்தது. பிறகு மறுபடி மெஷின். வம்புக்காரி. இப்போது தினமும் நான் தட்டுகிறேன், அவளும் தட்டுகிறாள், யாரும் நிறுத்துவதாக இல்லை.

எழுத்து கோணலாக இருந்தால் பேனாவைத் திட்டு. புதுப் பேனா, கைக்கு வளையவில்லை.

அக்கா


மார்ச் 5

அன்பு அக்காவுக்கு,

நலமா? நான் நலம் என்று எழுதுவது வழக்கம் என்பதால் எழுதுகிறேன்.

நேற்று அந்தக் குடும்பங்களின் சங்கக் கூட்டம். வரைபடத்தை விரித்தேன். ஒரு தப்புச் செய்துவிட்டேன். பொதுச் சுவரைப் பற்றிப் பின்னால் சண்டை வரக் கூடாது என்று, ஒவ்வொரு பொதுச் சுவருக்கும் நடுவில் சிவப்புக் கோடு போட்டு, இந்தப் பாதி இவருக்கு, அந்தப் பாதி அவருக்கு என்று எழுதி வைத்திருந்தேன். அதுவரை சுவரைப் பற்றி யாரும் ஒன்றும் கேட்கவில்லை. கோட்டைப் பார்த்ததும் ஆரம்பித்துவிட்டார்கள்.

சங்கத் தலைவி இஸ்திரி போடுகிறவர். ஆலை வேலை போக, மாலையில் தள்ளுவண்டியில் இஸ்திரி. அவர்தான் முதலில் எழுந்தார்.

"சார், என் பாதியில நான் ஆணி அடிச்சா அது கோட்டத் தாண்டிப் போகுமா போகாதா?"

"சின்ன ஆணின்னா போகாதும்மா."

"பெரிய ஆணின்னா?"

வீடு ஒதுக்கும் குலுக்கலில் அவருக்குப் பக்கத்து வீடு ஆலை லாரி டிரைவருக்கு விழுந்திருக்கிறது. ஒரு வாளித் தண்ணீர் விஷயமாக இரண்டு பேரும் ஏழு வருஷமாகப் பேசுவதில்லை. டிரைவர் என்னைப் பார்த்துச் சொன்னார்: "இந்தம்மா தும்மினாக்கூட நான் நூறு வயசுன்னு சொல்லணுமா சார்?"

தலைவியும் என்னைப் பார்த்தே பதில் சொன்னார்: "அவர் குறட்டைக்கு நான் தாளம் போடணுமான்னு கேளுங்க சார்."

சிரித்தார்கள். பிறகு எழுந்து போய்விட்டார்கள். கையெழுத்து மூன்று.

இவர்கள் கொட்டகைகளைப் பார்த்திருக்கிறேன். போன மழையில் பதினோரு நாள் முழங்கால் தண்ணீர். கட்டில் கால்களுக்குக் கீழே வைத்த செங்கற்களை இன்னும் எடுக்கவில்லை. "எப்படியும் மறுபடி வைக்கணுமே" என்கிறார்கள். அப்படிப்பட்டவர்கள் ஒரு கோட்டுக்காக வீட்டை வேண்டாம் என்கிறார்கள். எனக்குப் புரியவில்லை.

தம்பி


மார்ச் 22

அன்புத் தம்பிக்கு,

நலம்.

வகுப்பில் ஒரு பெஞ்சில் இரண்டு பேர் உட்காருவார்கள். பல மாதம் ஒன்றும் நடக்காது. ஒருநாள் ஒருத்தி சாக்பீஸால் நடுவில் கோடு போடுவாள். அன்றைக்கே முழங்கை யுத்தம் ஆரம்பம். முப்பத்தாறு வருஷத்தில் கோடு போட்ட பெஞ்சு ஒன்றில்கூட நான் அமைதியைப் பார்த்ததில்லை. ஈரத் துணியால் துடைத்துவிடுவேன், அவ்வளவுதான்.

கோட்டை அழி.

கொஞ்சம் அசதி. அதிகம் எழுதவில்லை. நீ ஒழுங்காகச் சாப்பிடு.

அக்கா


ஏப்ரல் 6

அன்பு அக்காவுக்கு,

உன் கடிதம் கையகலம்கூட இல்லை. என் மேல் கோபமா?

கோட்டை அழித்தேன். கையெழுத்து ஒன்பதானது. அங்கேயே நிற்கிறது. சத்தம்தான் இப்போது பிரச்சினை என்கிறார்கள். மாதிரிக்கு ஒரு பொதுச் சுவரை, இரண்டு பக்கமும் ஓர் அறையோடு, கட்டிக் காட்டினேன். அந்தப் பக்கம் மேஸ்திரியை நிறுத்திக் கத்தச் சொன்னேன். முணுமுணுப்புக்கூடக் கேட்கவில்லை. டிரைவர் சொன்னார்: "இன்னைக்குக் கேக்காது சார். ஒட்டிக் கட்டினா, ஒருத்தன் வீட்டு விஷயம் இன்னொருத்தன் வீட்டுக்குள்ள வந்துதானே தீரும்?" அதற்கு என்னிடம் அளவுகோல் இல்லை.

சுவர்களைப் பிரித்தால் செலவு ஏறும், கடன் போகும். பிரிக்காவிட்டால் கையெழுத்து இல்லை, அப்போதும் கடன் போகும். இருபத்தெட்டு வருஷ வேலையில் இவ்வளவு மலிவாக, இவ்வளவு நன்றாக ஒரு வீட்டை நான் வரைந்ததில்லை. ஆனால் யாருக்கும் வேண்டாம்.

உன் வகுப்புப் பிள்ளைகளுக்கு எழுதுவது போல, அவர்களுக்கு நாலு வரி எழுதேன். படித்துக் காட்டுகிறேன்.

தம்பி


ஏப்ரல் 27

அக்கா,

மூன்று வாரமாகிறது. தபால்காரர் என்னைப் பார்த்ததும் தூரத்திலிருந்தே கையை விரிக்கிறார். கோபமென்றால் திட்டியாவது எழுது. கையெழுத்து பதினொன்று. இன்னும் ஒரு மாதம்தான் இருக்கிறது.

தம்பி


ஏப்ரல் 30

மதிப்புக்குரிய அண்ணனுக்கு,

வணக்கம். நான் டீச்சரம்மாவுக்குப் பக்கத்து அறையில் தையல் தைக்கிறவள். என்னைப் பற்றி டீச்சரம்மா எழுதியிருப்பார்கள், நல்லபடியாக எழுதியிருக்க மாட்டார்கள். நீங்களும் வீட்டில் எல்லோரும் சுகமா?

உங்களுக்குச் சொல்லக் கூடாது என்று டீச்சரம்மா சத்தியம் வாங்கினார்கள். உங்கள் இரண்டு கடிதமும் பிரிக்காமல் மேஜையில் கிடப்பதைப் பார்த்தபின் சத்தியத்தை மீறுகிறேன். பாவம் என்னோடு போகட்டும்.

தினமும் ஆறு மணிக்கு நான் மெஷினை ஆரம்பித்ததும் டீச்சரம்மா சுவரில் இரண்டு தட்டு தட்டுவார்கள். முதலில் சண்டைக்குத்தான் தட்டினார்கள். பிறகு அது பழகிவிட்டது. ஏப்ரல் 8 அன்று தட்டவில்லை. நான் மெஷினை நிறுத்தி, நானே தட்டினேன். பதில் இல்லை. கதவைத் தட்டினாலும் அவர்களுக்குக் கேட்காது. துணி வெட்டும் பெரிய கத்திரிக்கோலைக் கதவிடுக்கில் விட்டுத் தாழ்ப்பாளைத் தூக்கினேன். அடுப்புப் பக்கத்தில் விழுந்து கிடந்தார்கள். கையில் கரண்டி. சுவருக்கும் கரண்டிக்கும் ஒரு முழம்தான் இருந்தது.

தலையில் ரத்தக்குழாய் அடைப்பு என்றார் டாக்டர். இன்னும் ஒரு மணி நேரம் தாமதித்திருந்தால் கஷ்டமாம். இப்போது வீட்டுக்கு வந்துவிட்டார்கள். பேச்சு தெளிவாக இருக்கிறது, என்னைத் தெளிவாகத் திட்டுகிறார்கள். வலது கைதான் சரியாக வரவில்லை. அந்தக் கை ஜனவரியிலிருந்தே மரத்துப் போய்க்கொண்டிருந்ததாம். அதை டாக்டரிடம்தான் சொன்னார்கள். நான் பக்கத்தில் நின்றதால் கேட்டது.

நேரம் கிடைத்தால் வந்து பாருங்கள். நான் சொன்னதாகச் சொல்ல வேண்டாம். சொன்னாலும் பரவாயில்லை.

இப்படிக்கு,
தையல்காரி


மே 19

அன்பு அக்காவுக்கு,

உன்னைப் பார்த்துவிட்டுத் திரும்பி ஒரு வாரம் ஆகிறது. நேரில் கேட்க முடியாததை எழுதிக் கேட்கிறேன். புதுப் பேனா என்று எழுதினாயே, அது எந்தப் பேனா? உன் எழுத்து கடிதத்துக்குக் கடிதம் சாய்ந்துகொண்டே வந்தது. எல்லாக் கடிதத்தையும் வரிசையாக அடுக்கிப் பார்த்தேன். சுவர் சாய்ந்தால் நூல் பிடித்துப் பார்க்கிறவன் நான். இதைப் பார்க்கவில்லை.

என்னோடு வந்துவிடு என்று பத்துத் தடவை சொன்னேன். "உன் வீட்டுக்கு மூன்று பக்கமும் தோட்டம். தட்டினால் யாருக்குக் கேட்கும்?" என்றாய். பஸ்ஸில் வரும் வழியெல்லாம் அதுதான் காதில் நின்றது.

நேற்றுக் கூட்டத்தில், நீ எழுதாத நாலு வரிக்குப் பதிலாகத் தையல்காரியின் கடிதத்தைப் படித்தேன். பாதியில் நிறுத்திவிட்டேன். மீதியை இஸ்திரிக்கார அம்மா வாங்கிப் படித்தார். படித்து முடித்ததும் அவர், "வாங்க சார், மாதிரிச் சுவருக்குப் போவோம்" என்றார்.

எல்லோரும் போனோம். அந்தப் பக்கம் டிரைவர். இந்தப் பக்கம் அவர். வளையல் கையால் தட்டினார். டிரைவர் அந்தப் பக்க வாசலில் தலையை நீட்டி என்னிடம் கத்தினார்: "ஒண்ணும் கேக்கல!"

"இதத்தான சார் கேக்காதுன்னு பெருமையாக் காட்டினீங்க? நான் உள்ள செத்துக் கிடந்தா?"

வெற்றிடம் விட்டுக் கட்டினால் சத்தம் போகாது. நான் வேண்டுமென்றே செய்தது அது. அப்போது மேஸ்திரி வெற்றிலைக் காவி வாயோடு முன்னால் வந்தார். "அங்க தட்டினா எப்படிம்மா கேக்கும்? அது வெறும் வயிறு. இங்க தட்டுங்க" என்று ஒரு கல்லைக் காட்டினார். நிறுத்தி வைத்த கற்கள் இரண்டும் விலகிப் போகாமல் இருக்க, இடையிடையே ஒரு கல்லைக் குறுக்கே வைப்போம். அதன் ஒரு முனை இந்த வீட்டில், மறுமுனை அந்த வீட்டில். மேஸ்திரி அதற்கு வைத்திருக்கும் பெயர் ரெண்டு மூஞ்சிக் கல்.

அம்மா அதில் இரண்டு தட்டு தட்டினார்.

பிறகு அந்தப் பக்கத்திலிருந்து இரண்டு தட்டு வந்தது. ஏழு வருஷத்தில் டிரைவர் அவருக்குச் சொன்ன முதல் பதில்.

கையெழுத்து இருபத்து நான்கு. டிரைவர் கடைசி. "இந்தம்மா விடியறதுக்கு முன்னாடி தட்டுனா நான் பொறுப்பில்ல" என்று சொல்லிவிட்டுத்தான் போட்டார். ஒவ்வொரு பொதுச் சுவரிலும், அடுப்பு உயரத்தில், ஒரு ரெண்டு மூஞ்சிக் கல்லைப் பூசாமல் அப்படியே விடச் சொல்லியிருக்கிறார்கள். இருபது கல். அதற்குத் தனிச் செலவு எதுவும் இல்லை. பூச்சுதான் மிச்சம்.

மாத்திரையை வேளைக்குப் போடு. இனிமேல் நலம் என்று மட்டும் எழுதினால் நம்ப மாட்டேன்.

தம்பி


செப்டம்பர் 26

அன்புத் தம்பிக்கு,

நலம் இல்லை, மோசமும் இல்லை. இதை நம்பு. முழங்கால் வலிக்கிறது. வலது கை பாதி வேலைக்கு வருகிறது. இது இடது கையால் எழுதுவது, நான்கு நாளாக எழுதுகிறேன். ஒன்றாம் வகுப்பில் நான் இப்படி எழுதியிருந்தால் என் டீச்சர் காதைத் திருகியிருப்பார்.

உன்னிடம் மறைத்தது தப்பு. நாற்பத்தெட்டுச் சுவரைப் பற்றிக் கவலைப்படுகிறவனிடம் ஒரு கையைப் பற்றி எதற்குச் சொல்வது என்று நினைத்தேன். அதற்குப் பிறகு, சொல்லவே அலுப்பாக இருந்தது.

மழைக்கு முன்பே கூரை முடிந்து சாவி கொடுக்கிறார்கள் என்று எழுதியிருந்தாய். என்னால் வர முடியாது. நீ கேட்ட நாலு வரியை இப்போது எழுதுகிறேன், அன்றைக்குப் படித்துக் காட்டு.

வீட்டுக்காரர்களே, எல்லோருக்கும் வணக்கம். எல்லோரும் சுகமாக இருக்க வேண்டும். உங்கள் சுவர் தீப்பெட்டிக் கணக்கில் பிறந்தது என்று என் தம்பி சொல்லியிருப்பான். அந்தக் கணக்கில் நான் ஒன்றை விட்டுவிட்டேன். இரண்டு வாரமாக எங்கள் தையல்காரி இங்கே இல்லை. மகளுக்குப் பிரசவம். அவள் போன மறுநாள் ஆறு மணிக்கு வழக்கம்போல் தட்டினேன். சுவர் சும்மா இருந்தது. மூன்று நாள் அப்படியே போயிற்று. நான்காவது நாள்தான், என் அறைக்கு இன்னொரு பக்கச் சுவரும் உண்டு என்று உறைத்தது. ஆறு வருஷமாக அதில் நாட்காட்டி மாட்டியிருக்கிறேன், ஒரு தடவைகூடத் தட்டியதில்லை. அந்தப் பக்கம் யார் என்றே தெரியாது. நாட்காட்டியை நகர்த்திவிட்டு இரண்டு தட்டு தட்டினேன்.

கடிகாரம் ரிப்பேர் செய்கிற ஒருவர், முகமெல்லாம் சவர நுரையோடு, என் வாசலில் வந்து நின்றார். "என்ன ஆச்சு டீச்சர்?" என்று வாயசைவில் படித்தேன். ஒன்றும் ஆகவில்லை என்றேன். "அப்ப நாளைக்கும் தட்டுங்க" என்றார். இப்போது அவரும் தட்டுகிறார், கடிகாரம் பார்த்து.

நடு வீட்டுக்காரர்களுக்கு இரண்டு பொதுச் சுவர் இருக்கிறது. ஓரத்து வீட்டுக்காரர்களுக்கு ஒன்று இருக்கிறது. பழகிய பக்கத்தை எல்லோரும் தட்டுவார்கள். நீங்கள் நாளைக் காலையில், அடுப்பைப் பற்ற வைக்கும் முன், பேசாத பக்கத்துக் கல்லை இரண்டு தட்டுத் தட்டுங்கள். பிறகு உள்ளங்கையைச் சுவரில் வைத்துக் காத்திருங்கள்.